உப்போடைக்குப் புரையேறிய காலம்

உப்போடையில் எந்த வீட்டுக்குப் போனாலும், சோறு போடுவதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் தட்டை வைப்பார்கள். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டால், பெரிய தண்ணி வந்து உப்பளத்தை மூடிய வருஷத்துக்கு அடுத்த வருஷம், பொற்கொடி டீச்சர் நம்மளைப் பத்தி எழுதினது வெளிநாட்டில் அச்சான வருஷம் என்று சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்குப் புரையேறிய காலமும் இருந்தது. இப்போது ஏறுவதில்லை. செம்பு மட்டும் வைக்கிறார்கள்.

ஊர் டீச்சர் என்று கூப்பிட்டாலும் பொற்கொடி பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறையில் இணைப் பேராசிரியர். ஒரு வீட்டுக்குள் நோய் நுழைந்தால் அந்த வீட்டிலிருந்து எதெது வெளியேறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளையும் கட்டில்களையும் காப்பீட்டு அட்டைகளையும் எண்ணிக்கொண்டிருந்தபோது அவள், முதலில் முட்டை நின்றது, பிறகு ஆடு போனது, பிறகு நடுப்பெண் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள் என்று நின்றுபோனவற்றை எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்தியானம் ஒரு மணி அடித்தால் துறையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிடுவாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு தடவைகூடப் புரையேறியது கிடையாது. "நான் ஒருத்தி உன்னையே நெனைச்சிட்டிருக்கேன், வீட்டாள் நெனைச்சா கணக்குல சேராதோ என்னமோ" என்று அவள் அம்மா சிரிப்பாள். அம்மா போன பிறகு அப்படிச் சொல்லிச் சிரிக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

உப்போடையில் வெயிலும் உப்பும் குடிக்கத் தண்ணீர் இல்லாமையும் சேர்ந்து ஆட்களின் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தன. இரண்டு வருஷம் பொற்கொடி அந்த ஊருக்கு வந்து போனாள்; கொடுத்த கஞ்சியைக் குடித்தாள், சொன்னதையெல்லாம் எழுதினாள். கட்டுரையில் எந்த வீட்டுக்கும் பெயர் கிடையாது, எண்தான், ஏனென்றால் நோயாளியின் பெயரை வெளியே விடக்கூடாது என்பது அவர்கள் துறையின் சட்டம். எல்லாம் முடிந்து அனுப்பிய பிறகு, எண்களாக இருக்கிறதே, நடுவில் ஒரு கட்டம் போட்டு ஒரு மனிதரின் கதையைச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு பெயரும் இருக்கட்டும் என்று பத்திரிகையின் ஆசிரியர் எழுதிக் கேட்டார். பொற்கொடி சுடலைமுத்துவின் கதையை எழுதினாள்.

சுடலைமுத்து உப்பு வாரியவர். வாரத்துக்கு இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இயந்திரம் இலவசம், ஊசியும் பஸ்ஸும் கூட வருகிற ஆளின் அன்றைய கூலியும் இலவசமில்லை. ஒரு நாள் அவர் மனைவி பேச்சித்தாயிடம், இனிமேல் நான் தனியாகப் போய்க்கொள்கிறேன், நீ அளத்துக்குப் போ என்றார். அன்றிலிருந்து அவர் பஸ் ஏறி டவுனில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பி, இயந்திரத்தில் கிடந்து வந்தவர் மாதிரியே சோர்ந்து படுத்துக்கொள்வார். ஊசிக்கான காசு மகள் மாரிசெல்வியின் நர்சிங் படிப்புக்குப் போயிற்று. கால் வீங்கியபோது ஊசி வீக்கம் என்றார், முகம் வீங்கியபோது தூக்கம் என்றார். அவர் செத்த அன்றைக்குத் துட்டிக்கு வந்த பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்காரர், அண்ணாச்சி எங்கிட்டதான உக்காந்து பேசிட்டிருப்பாவ என்று அழுதபோதுதான் பேச்சித்தாய்க்கு எல்லாம் தெரிந்தது.

"எழுதுங்க டீச்சர்" என்று பேச்சித்தாயேதான் சொன்னாள். "பக்கத்துல படுத்துக் கெடந்தவ நான், எனக்கே தெரியல. அவுகளப் பாக்காத நாலு பேராவது அவுகள நெனைக்கட்டும்."

சட்டப்படி பெயரை மாற்ற வேண்டும். பொற்கொடி ஒரு நிமிஷம் யோசித்து, மனதில் முதலில் வந்த பெயரைப் போட்டாள். தங்கவேல்.

கட்டுரை வெளியாகி, எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் தன் கட்டுரையில் முதல் மேற்கோளாக அதைச் சுட்டிய நேரத்தில், உப்போடையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எல்லா வீடுகளிலும் ஒன்றுபோல எல்லாருக்கும் புரையேறியது. யாரும் பயப்படவில்லை. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள், தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் இருமினால் நினைக்கிற ஆள் ஊரையே தெரிந்தவராக இருக்க வேண்டும், அப்படி நம்மைத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது, டீச்சரம்மா புஸ்தகம் படிச்சவன் எவனோ நெனைக்கான், எடுத்து எழுதணும்னா ஒரு நிமிசமாவது நெனைச்சுத்தான ஆவணும் என்று கடைக்காரர் சொன்னார். அதோடு விஷயம் தீர்ந்தது, அதற்கு மேல் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஊர் அதற்கேற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. மூன்றாம் எண் வீட்டைப் பற்றி யாராவது எழுதினால் மூன்றாம் எண் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஏறியது, ஊரைப் பொதுவாக எழுதினால் ஊருக்கே ஏறியது. கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு ஆள் பின்னால் நின்று தலையில் தட்டுவது மாமன் முறைக்காரர்களின் உரிமையானது. மீன் குழம்பு வைக்கிற நாளில் பெண்கள் முள்ளை முன்னதாகவே எடுத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். அதிகாலையில் வந்தால் அமெரிக்கா, மத்தியானம் வந்தால் லண்டன் என்று வெளிநாட்டுக்குப் போய் வந்த ஒருவர் சொல்லிவைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் நிறம், நகை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், வீட்டுல பொரையேறுதுண்டா என்று தணிந்த குரலில் கேட்டார்கள், ஏறும் என்றால் மரியாதை கூடியது. பிறந்ததிலிருந்து கலெக்டர் ஆபீசும் கம்பெனியும் ஏறெடுத்துப் பார்க்காத ஊர் அது. கண்காணாத தேசத்தில் யாரோ நம்மை நினைக்கிறான் என்ற எண்ணத்தோடு உப்பு வாரப் போகும்போது, உப்பு கனம் குறைந்ததாக அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் வேறு கணக்கு நடந்தது. துறைத் தலைவர் சடகோபன் நல்ல மனிதர்தான், ஆனால் எண் இல்லாத எதையும் அவரால் நம்ப முடியாது. யாருக்கு எத்தனை மேற்கோள், அதை வைத்துப் போடுகிற எச் இண்டெக்ஸ் மதிப்பெண் யாருக்கு எவ்வளவு என்று திங்கட்கிழமைதோறும் அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவார், ஆசிரியர்கள் பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி அதன் முன்னால் நெருக்கியடிப்பார்கள். "நம்ம கட்டுரைய நாமளே மேற்கோள் காட்டினா கணக்குல வராது, அதையெல்லாம் கழிச்சிட்டேன்" என்று அவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது அறிவிப்பார். எப்போதும் பலகையின் அடியில் கிடந்த பொற்கொடியின் பெயர் அந்த ஒரே கட்டுரையால் மேலே மேலே ஏறி உச்சிக்குப் போயிற்று. பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாகத் தள்ளிப்போன பதவி.

மறு ஆய்வுக்கென்று அவள் உப்போடைக்குப் போனபோது ஊரே அவளுக்குச் செம்பும் கையுமாக வரவேற்புக் கொடுத்தது. விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஆச்சரியப்படவில்லை, எந்தெந்த நாள் என்று மட்டும் கேட்டு, தன் மின்னஞ்சலுக்கு வந்த மேற்கோள் அறிவிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், நாளும் நேரமும் சரியாக இருந்தன. எல்லா வீட்டிலும் சிரிப்பு. பேச்சித்தாய் வீட்டில் மட்டும் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது.

"எனக்குன்னு ஏறவே இல்ல டீச்சர்" என்றாள் பேச்சித்தாய். "ஊரப் பத்தி நெனைச்சா எல்லாருக்கும் ஏறுதப்போ எனக்கும் ஏறும். அது ஊரு பொரை. அவுகளுக்குன்னு தனியா வரல. செத்தவுகள நெனைச்சா பொஞ்சாதிக்குத்தான ஏறணும்? ரெண்டு வருசமா ஒவ்வொரு வாய் சோத்தையும் பாத்துப் பாத்து முழுங்குதேன். அவுக கதை அதுல இருக்கா இல்லியா?"

"இருக்குக்கா. எல்லாரும் அதைத்தான் அதிகமா எடுத்து எழுதுறாங்க" என்றாள் பொற்கொடி. அது பொய்யில்லை. அந்தக் கட்டத்தில் இருந்த கதையைத்தான் உலகம் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டியது, பலகையில் அவள் பெயரை மேலே ஏற்றியதே அதுதான்.

"பொறவு எங்க போவுது?" என்றாள் பேச்சித்தாய்.

பஸ் பிடிக்க வந்த பொற்கொடி, ஊர் முகப்பில் ஒரு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். வேப்பமரத்தடியில் எப்போதும் நிற்கிற, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி நின்றது, பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அதன் சொந்தக்காரர் கிடந்தார். ஒரு காலத்தில் பரோட்டாவை அடுக்கு அடுக்காகச் சாப்பிட்ட ஆள், இப்போது எலும்பும் தோலுமாக இருந்தார். வாயில் ஒரு கவளம் வைத்ததும் இருமல், ஒரு மிடறு தண்ணீருக்கும் இருமல். தலையில் தட்டித் தட்டி உச்சி முடி கொட்டியிருந்தது. யாரும் அவரை வைத்தியரிடம் கூட்டிப் போகவில்லை, வணங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நினைக்கிற ஆள் சாதாரண ஆளா என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து அவர் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வண்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. தங்கவேல். இரண்டு வருஷம் ஊருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பொற்கொடியின் கண் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டேதான் போயிருக்கிறது, அவளுக்கே தெரியாமல் அது மனதில் தங்கி, பெயர் தேடிய நேரத்தில் முந்திக்கொண்டு வந்து நின்றிருக்கிறது.

"நோய் நொடி ஒண்ணும் கெடையாது எனக்கு" என்றார் தங்கவேல் அவளிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. "கல்யாணம் ஆவல, உறவுன்னு ஒருத்தரும் இல்ல. என்னிய யாரும்மா இப்படி விடாம நெனைக்கா? மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு வாய் சோறு எறங்குனாப் போதும்னு இருக்கு."

சுடலைமுத்துவுக்கு வர வேண்டிய நினைப்பெல்லாம் விலாசம் தப்பி இந்த மனிதரின் தொண்டையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. சாக வேண்டாத ஒருவர் சாகப்போகிறார், நினைக்கப்பட வேண்டிய ஒருவர் நினைக்கப்படாமலே கிடக்கிறார், இரண்டுக்கும் நடுவில் தன் பேனா என்று அவளுக்குப் புரிந்தது.

பத்திரிகைக்கு எழுதினாள். மறைத்த பெயரைத் திருத்தி உண்மைப் பெயர் போட எங்கள் விதியில் இடமில்லை, வேண்டுமென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. திரும்பப் பெற்றால் அதற்கு வந்த மேற்கோள்கள் எதுவும் கணக்கில் நிற்காது. அவள் சடகோபன் முன்னால் போய் நின்றாள்.

"நேர்காணலுக்கு இன்னும் ஒரு மாசம்தாம்மா இருக்கு" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே பதறியது. "திரும்ப வாங்குனா ஏதோ தப்பு பண்ணிட்டீங்கன்னுதானே நினைப்பாங்க? ஒரு மாசம் பொறுங்க. பதவி கைக்கு வந்ததும் வாங்கிக்கோங்க."

"ஒரு மாசம் தாங்க மாட்டார் சார். ஒரு வாய் சோறு இறங்கல அவருக்கு."

"சரி, வேற ஏதாவது பேரை மாத்திப் போடச் சொல்லிக் கேளுங்களேன்."

"அந்தப் பேர்லயும் எங்கயாவது ஒருத்தர் சாப்பிட உக்காந்திருப்பார் சார்."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தங்கவேலைப் பார்த்ததில்லை, புரையேறுகிற கணக்கையும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அவளோடு வாதாடவும் இல்லை.

பெயர் மாறிப்போன கதையைப் பேச்சித்தாயிடமும் ஊரிடமும் சொல்லிவிட்டு அவள் கட்டுரையைத் திரும்பப் பெற்ற அன்று, உப்போடை ஒரு இருமல்கூட இல்லாமல் சாப்பிட்டு எழுந்தது. தங்கவேலுக்கு முதலில் கஞ்சி இறங்கியது, பிறகு சோறு இறங்கியது, பிறகு பரோட்டா இறங்கியது, ஊர் கைதட்டியது. ஒரு வாரம்தான் அந்தச் சந்தோஷம். பிறகு சாப்பாட்டு நேரத்தின் அமைதி ஒவ்வொரு வீட்டிலும் கனக்கத் தொடங்கியது. கல்யாணப் பந்தியில் மாமன்மார்கள் வேலையில்லாமல் இலைக்குப் பின்னால் நின்றார்கள். பெண்கள் வேண்டுமென்றே அவசரமாகத் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள், இருமல் வந்தது, ஆனால் அது வேறு இருமல் என்று தொண்டைக்கே தெரிந்தது. தங்கவேலைப் பார்க்க யாரும் வரவில்லை. அவர் உடம்பு தேறி, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, யாரும் நினைக்காத மனுசனாயிட்டேன் என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒம் புருசன் ஒருத்தருக்காவ ஊரையே மறக்க வச்சிட்டியே மயினி" என்று யாரோ ஒருத்தி குழாயடியில் பேச்சித்தாயைக் கேட்டுவிட்டாள். பேச்சித்தாய் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பேச்சித்தாயின் சம்மதத்தோடு சுடலைமுத்துவின் கதையை அவர் சொந்தப் பெயரிலேயே பொற்கொடி மறுபடி எழுதினாள். பெரிய பத்திரிகைகள் எதுவும் வாங்கவில்லை, திரும்பப் பெற்றவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது. யாரும் அதிகம் படிக்காத ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. நேர்காணலில் மூன்று பேர் அவளுடைய எண்ணைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி எண்ணைப் பார்த்தார்கள். பதவி வேறொருவருக்குப் போயிற்று. பலகையில் அவள் பெயர் பழைய இடத்துக்கே இறங்கி வந்தது.

புதிய கட்டுரைக்கு மேற்கோள் என்று ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் முடிந்தது, உப்பு அறுவடை தொடங்கியது, முடிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கணினியைத் திறந்து பார்ப்பாள், சைபர் என்றிருக்கும். கவிழ்த்து வைத்திருந்த செம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பேச்சித்தாய் காத்திருப்பாளே என்று நினைத்து மறுபடியும் ஒரு முறை திறந்து பார்ப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தவள் சாப்பிடவில்லை. அந்தக் கட்டுரையை எடுத்து வைத்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுடலைமுத்துவை நெஞ்சில் நிறுத்தி, ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்: உப்போடை சுடலைமுத்து தன் ஊசிக் காசை மகளின் படிப்புக்குக் கொடுத்தார், பார்க்க பொற்கொடி. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகாத வரி அது. தானே தன்னை மேற்கோள் காட்டுவது கணக்கில் வராது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மறுநாளும் எழுதினாள், அதற்கு மறுநாளும் எழுதினாள். காய்ச்சல் வந்த நாளில் படுக்கையில் கிடந்தபடி எழுதினாள், துறையில் விருந்து நடந்த நாளில் எழுந்து அறைக்கு வந்து எழுதிவிட்டுப் போனாள்.

உப்போடையில் மத்தியானம் ஒரு மணிக்குப் பேச்சித்தாய்க்குப் புரையேறத் தொடங்கியது. தனியாக, அவளுக்கு மட்டும். முதல் நாள் அவள் தலையில் தானே தட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள் என்றும், அக்கம்பக்கம் ஓடி வந்து செம்பை எடுத்துக் கொடுத்தது என்றும், மயினி என்று கூப்பிட்டுக் குழாயடியில் பேசியவள்தான் முதலில் ஓடி வந்தவள் என்றும், மகள் மாரிசெல்வி போனில் சொன்னாள். மாரிசெல்வி இப்போது டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டயாலிசிஸ் பிரிவு. "அம்மா இப்பதான் வயிறாரச் சாப்பிடுதாவ மேடம்" என்றாள். பொற்கொடி கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை.

கோடை வந்து, விடுமுறை விட்டு, துறையே காலியாகிவிட்ட ஒரு நாளில் பேச்சித்தாயே கூப்பிட்டாள்.

"டீச்சர், சாப்பிட்டியளா?"

"இப்பதான் சாப்பிடப் போறேன்க்கா."

"தெரியும். ஒரு மணிக்குத்தான சாப்பிடுவிய. எங்க ஊட்டுல ரெண்டு வருசம் கஞ்சி குடிச்சியள்லா, ஒரு மணி ஆனாத்தான் கையக் கழுவுவிய. எனக்கு மறக்கல."

பொற்கொடி கையிலிருந்த டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தாள்.

"ஊருல எல்லாரும் லண்டன்காரன் நெனைக்கான்னு சொல்லுதாவ" என்றாள் பேச்சித்தாய். "சொல்லட்டும்னு விட்டுட்டேன். மொத நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேற யாரும் நெனைக்க வரல, என்னா?"

"வரலக்கா" என்றாள் பொற்கொடி. "யாருமே வரல. நான் மட்டுந்தான்."

உப்பளத்துக் காற்று போனில் இரைந்தது. "அழாதீங்க" என்றாள் பேச்சித்தாய். "அவுகளுக்கு நீங்களும் நானும் இருக்கோம்லா. சரி, சோறு ஆறுது, சாப்பிடுங்க." போனை வைத்துவிட்டாள்.

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைய வரியை எழுதினாள். டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். வைத்ததும் அவளுக்குப் புரையேறியது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக, கண்ணில் நீர் முட்டி, மூச்சு திணறி, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பக்கத்தில் செம்பு இல்லை. தட்டுவதற்கு ஆளில்லை. சாத்திய கதவுக்கு வெளியே வராந்தா காலியாகக் கிடந்தது. சோறு ஒட்டிய கையோடு, இடது கையைத் தூக்கி, தன் தலையில் தானே மெல்லத் தட்டிக்கொண்டாள்.